கற்பிப்போன் கற்கும் வழி

(கல்விச் சங்க வெள்ளி விழாவில் டிஜிட்டல் ஊடக விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரை)



டிஜிட்டல் ஊடகம் கற்பிக்கும் ஆசிரியன், தான் கற்பதற்கு எவ்வாறு துணை தேடிக்கொள்கிறான் என்பது பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்துள்ளனர். ‘இஃது ஆசிரியர் மாநாட்டில் பேச வேண்டிய பொருளாயிற்றே, நாட்றம்பள்ளி இளைஞர்களுக்கு இதனால் என்ன பயன்?’ என்று சிலர் எண்ணலாம். இன்று நம் பிள்ளைகள் பலர் காட்சித் தொடர்பியல், கணினி வரைகலை, படத்தொகுப்பு போன்ற படிப்புகளில் சேர்ந்து வருகின்றனர். தோல் பதனிடும் தொழிற்சாலையிலும் ஷூ கம்பெனியிலும் உழைத்த பெற்றோரின் பணத்தில் அவர்கள் படிக்கின்றனர். அந்தப் பணம் வீண்போகக் கூடாது. ஆகவே ஆசிரியனுக்குச் சொல்வது மாணவனுக்கும் பொருந்தும் என்ற துணிவோடு பேசத் தொடங்குகிறேன்.

முதலில் என் பாடத்தின் இயல்பைக் கூறிவிடுகிறேன். வரலாற்று ஆசிரியருக்குப் பானிப்பட்டுப் போர் 1526இல்தான் நடந்தது. அஃது ஆண்டுக்கு ஆண்டு மாறுவதில்லை. என் பாடமோ காலடியில் நழுவும் மணல். ‘ஃபிளாஷ்’ என்றொரு மென்பொருள் இருந்தது. அசையும் படங்களும் இணைய விளையாட்டுகளும் செய்வதற்குப் பல்லாயிரவர் அதனை ஆண்டுக்கணக்கில் பயின்றனர். ஆப்பிள் நிறுவனம் தன் கைப்பேசியில் அதற்கு இடமில்லை என்று 2010இல் வெளிப்படையாக அறிவித்தது. ஃபிளாஷின் உரிமையாளரான அடோபி நிறுவனமே அதனைக் கைவிடப் போவதாக 2017இல் கூறியது. 2020 டிசம்பர் 31ஆம் நாளோடு அதன் கதை முடிந்தது. அத்துறையில் நடப்பதைப் பேசிக்கொள்ளும் நண்பர் குழாம் உடையவர், முதல் அறிவிப்பு வந்தபோதே வேறு கருவிக்கு மாறத் தொடங்கினர். பாடநூலையும் பாடத்திட்டத்தையும் மட்டுமே நம்பியிருந்தவர், கதவு சாத்தப்பட்ட பின்னரே செய்தி அறிந்தனர். இவ்விருவருக்கும் அறிவில் வேறுபாடு இல்லை. ஒருவருக்குச் சொல்வதற்கு ஆள் இருந்தது, மற்றவருக்கு இல்லை.

அந்தச் ‘சொல்வதற்கு ஓர் ஆள்’ என்பதே இன்றைய என் பேச்சின் கரு. சில குடும்பங்களில் மாமன் பத்திரிகை ஆசிரியராக இருப்பார், அத்தை மகன் விளம்பர நிறுவனத்தில் இருப்பான். எந்தக் கல்லூரி நன்று, எந்தக் கருவி பழையதாகிவிட்டது, எங்கே விண்ணப்பிக்க வேண்டும் என்பதெல்லாம் சாப்பாட்டு நேரத்துப் பேச்சிலேயே அப்பிள்ளைகளின் காதில் விழுந்துவிடும். அதனை அவர்கள் கல்வி என்றுகூட எண்ணுவதில்லை. நம் வீட்டிலும் இத்தகைய பேச்சு உண்டு. ஆயின் அது வேறு தொழிலைப் பற்றியது. ஆம்பூரில் எந்தத் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள், எங்கே கூலி ஒழுங்காகக் கிடைக்கும், எந்த மேஸ்திரி நல்லவர் என்பது ஒரே நாளில் ஊர் முழுவதும் தெரிந்துவிடும். தோலைச் சுண்ணாம்பிலிருந்து எப்போது எடுக்க வேண்டும் என்பதை எந்தப் பள்ளியிலும் படிக்காமல், பக்கத்தில் நின்றவரிடம் பார்த்தே கற்றவர்கள் நம் பெரியவர்கள். ஆகவே கூடிக் கற்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. புதிய தொழிலில் நமக்கு முன்னோர் இல்லை என்பதே குறை.

அக்குறை எவ்வளவு பெரிது என்பதற்கு இரண்டு செய்திகள் போதும். 1996இல் வாஷிங்டன் போஸ்ட் ஏட்டின் செய்தியாளர் ஒருவர், தலித் பத்திரிகையாளர் எவரேனும் உளரா என்று டில்லியில் விசாரித்தார். மூத்த பத்திரிகையாளரான பி. என். உனியால் தேடிப் பார்த்தார். அரசு அங்கீகாரம் பெற்ற செய்தியாளர் பட்டியலில் ஒருவரைக்கூட அவரால் காண இயலவில்லை. அவ்வாண்டே ‘பயனியர்’ நாளிதழில் அதனை எழுதினார். 23 ஆண்டுகள் கழித்து, 2019இல், ஆக்ஸ்பாம் இந்தியாவும் நியூஸ்லாண்டரியும் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டன. அவர்கள் கணக்கிட்ட 121 தலைமைப் பொறுப்புகளுள் 106 உயர்சாதியினரிடம் இருந்தன. தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் ஒருவர்கூட இல்லை. இத்தகைய துறைக்குள் நுழையும் நம் பிள்ளைக்குச் ‘சொல்வதற்கு ஆள்’ தானாகக் கிடைக்கமாட்டார். தேடிச் சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும்.

எப்படிச் சேர்ப்பது? இதற்கு நான் அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ போக வேண்டியதில்லை. இவான் இல்லிச் 1971இல் ‘கற்றல் வலைகள்’ பற்றி எழுதியதும், 2008இல் மனிடோபா பல்கலைக்கழகத்தின் வழியே ஜார்ஜ் சீமென்சும் ஸ்டீபன் டவுன்சும் நடத்திய வகுப்பில் கட்டணம் செலுத்திய 25 பேரோடு கட்டணமின்றி 2,200 பேர் உலகெங்குமிருந்து சேர்ந்து ஒருவருக்கொருவர் கற்பித்துக்கொண்டதும் அறியத்தக்கவையே. ஆயினும் அவற்றுக்கு நெடுங்காலம் முன்னரே, இங்கிருந்து ஒரு பொழுது ரயில் பயணத்தில் எட்டும் தொலைவில், நம் மக்கள் அதனைச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

1907 ஜூன் 19ஆம் நாள், புதன்கிழமை, சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழ் வெளிவந்தது. அதனை நடத்தியவர் பண்டிதர் அயோத்திதாசர். நான்கே பக்கங்கள், விலை பெயரிலேயே உள்ளது, காலணா. மறு ஆண்டில் அதன் பெயர் ‘தமிழன்’ என்று சுருங்கியது. பண்டிதர் 1914 மே மாதத்தில் மறையும் வரை அதனை நிறுத்தாமல் நடத்தினார். அவர் தொழிலால் சித்த மருத்துவர். பின்னால் பெருஞ்செல்வர் எவரும் இல்லை. அவ்விதழைப் படித்தவர் யார்? கோலார் தங்கவயலில் பூமிக்கடியில் பாறை உடைத்த தொழிலாளர், ரயில்வேயில் வேலை செய்தோர், படைப் பிரிவுகளில் இருந்தோர், பர்மாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் பிழைக்கச் சென்றோர். வடஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து ஜோலார்பேட்டையில் ரயிலேறி, பௌரிங்பேட்டையில் இறங்கி, மாரிக்குப்பம் போய்ச் சேர்ந்த நம் பாட்டன்மாரும் அவர்களுள் அடங்குவர்.

இதழ் வந்தது, அவர்கள் படித்தார்கள் என்பதோடு நின்றிருந்தால் நான் இங்கே அதனைச் சொல்லமாட்டேன். வாசகர் வினா எழுதி அனுப்பினர். பண்டிதர் இதழிலேயே விடை எழுதினார். ஓர் ஊரார் கேட்ட ஐயத்துக்கான விடை, கேளாத பத்து ஊராருக்கும் பயன்பட்டது. மாரிக்குப்பத்திலும் பெங்களூரிலும் இரங்கூனிலும் சாக்கைய பௌத்த சங்கத்தின் கிளைகள் எழுந்தன. நம் பக்கத்துத் திருப்பத்தூரிலும் ஒரு கிளை இருந்தது. தம் பாட்டனார் கந்தப்பன் ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் பணிபுரிந்தபோது, திருக்குறள் ஏட்டுச் சுவடியை எல்லிஸ் துரைக்குக் கிடைக்கச் செய்தார் என்று பண்டிதர் எழுதியிருக்கிறார். சமையற்கட்டில் வேலை செய்த ஒருவர் கையிலும் சுவடி இருந்தது, அதனை யாரிடம் சேர்க்க வேண்டும் என்னும் தெளிவும் இருந்தது என்பதே இதில் நாம் காண வேண்டுவது.

பண்டிதருக்குப் பின் இதழ் தளர்ந்தது. 1926இல் அதனை மீண்டும் எழுப்பியவர் தங்கவயல் ஜி. அப்பாதுரையார். சென்னையில் அணைந்த விளக்கைச் சுரங்கத் தொழிலாளர் ஊரில் ஏற்றினார்கள். அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை, பண்டிதரின் எழுத்துகளைச் சிறு நூல்களாக அச்சிட்டுப் பரப்பியது. பிறகு பல்லாண்டுகள் அவ்விதழ்கள் சில வீடுகளின் அலமாரிகளில் உறங்கின. அன்பு பொன்னோவியம் போன்றோர் பழைய இதழ்களைப் பொத்திக் காத்தமையால்தான், 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுப்பில் பாளையங்கோட்டையிலிருந்து ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ நூலாக வெளிவர முடிந்தது. அவ்வலமாரிகளைத் துப்புரவு செய்கிறோம் என்று எவரேனும் எடைக்குப் போட்டிருந்தால் இன்று நாம் வெறுங்கையோடு நின்றிருப்போம். தங்கச் சுரங்கமே 2001இல் மூடப்பட்டுவிட்டது. அங்கிருந்து வந்த தாள்கள் நிலைத்துவிட்டன.

மற்றொரு சான்று. 1946இல் அண்ணல் அம்பேத்கர், அமெரிக்கக் கறுப்பின மக்களின் அறிஞர் டபிள்யூ. ஈ. பி. டு பாய்சுக்கு ஒரு கடிதம் எழுதினார். இருவரும் நேரில் பழகியவர் அல்லர். கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் சபைக்கு அளித்த விண்ணப்பத்தின் படிகள் இரண்டு மூன்று வேண்டும் என்பதே கடிதத்தின் நோக்கம். டு பாய்ஸ் அதே ஆண்டு ஜூலை மாதத்தில் மறுமொழி எழுதி, விண்ணப்பத்தின் படியையும் அனுப்பினார். இக்கடிதத்தின் அமைப்பை இளைஞர்கள் உற்று நோக்க வேண்டுகிறேன். தாம் யார், எதற்காக அவர் நூல்களைப் படித்து வருகிறார் என்பதைச் சில வரிகளில் சொல்கிறார். தம் மக்கள் நிலைக்கும் அவர் மக்கள் நிலைக்கும் உள்ள ஒப்புமையைக் கூறுகிறார். வேண்டியது இன்னது என்று ஒன்றே ஒன்றைக் கேட்கிறார். அனுப்ப வேண்டிய முகவரி தருகிறார். அவ்வளவுதான். இன்று எனக்கு வரும் செய்திகளில் பெரும்பாலானவை ‘ஐயா, எனக்கு வழிகாட்டுங்கள்’ என்று மட்டும் உள்ளன. எதற்கு வழி, எவ்வளவு தூரம் வந்திருக்கிறாய், எங்கே தடுக்கியது என்று ஒன்றும் இராது. இதற்கு எவரால் மறுமொழி எழுத இயலும்?

இனி என் தொழிலுக்கு வருகிறேன். டிஜிட்டல் ஊடக ஆசிரியனின் கற்றல் உறவுகள் எங்கெங்கு உள்ளன? பலரும் கணினித் திரையையே காட்டுவர். நான் முதலில் கடைத்தெருவைக் காட்டுவேன். வாணியம்பாடியிலும் திருப்பத்தூரிலும் கல்யாண வீடியோ எடுப்பவர், இரவெல்லாம் விழித்துப் படம் தொகுப்பவர், பிளக்ஸ் பலகை அச்சிடுபவர், டி.டி.பி. கடை நடத்துபவர் ஆகியோர் என் ஆசிரியர்கள். மண்டபத்துக் குறைந்த வெளிச்சத்தில் மணமகளின் முகம் கருத்துப் போகாமல் எடுப்பது எப்படி என்பதை வெளிநாட்டுப் பாடநூல் எனக்குச் சொல்லாது. அந்நூல்களின் மாதிரிப் படங்களில் நம் நிறத்து முகங்கள் மிகக் குறைவு. தமிழ் எழுத்துருக்களின் சிக்கலையும் டி.டி.பி. கடைக்காரர்தான் நன்கு அறிவார். பழைய எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தத்தமக்கெனக் குறியீடு வைத்திருந்தன. ஒன்றில் அடித்ததை வேறொன்றில் திறந்தால் பொருளற்ற கிறுக்கலாகத் தோன்றும். தமிழக அரசு 2010இல் யூனிகோடு முறையை ஏற்றது. ஆயினும் அதற்கு முன் அடித்த துண்டறிக்கைகளும் மலர்களும் கிறுக்கலாகவே கிடக்கின்றன. அவற்றை மாற்றித் தரும் வித்தை கடைக்காரரின் கையில் இருக்கிறது. அவருக்குப் புதிய மென்பொருள் ஒன்றை நான் சொல்லிக் கொடுக்கிறேன். அவர் இதனை எனக்குச் சொல்லிக் கொடுக்கிறார். கணக்கு நேராகிவிடுகிறது.

ஷூ கம்பெனியையும் மறவாதீர்கள். செருப்பின் மேற்பகுதிக்குக் கணினியில் வார்ப்புரு வரைவோர் இழுக்கும் வளைகோடும், என் மாணவர் எழுத்துருவுக்கும் சின்னத்துக்கும் இழுக்கும் வளைகோடும் ஒரே இனத்தவை. அக்கோட்டுக்குப் பெசியே கோடு என்று பெயர்; பிரான்சு நாட்டு ரெனோ மோட்டார் தொழிற்சாலையின் பொறியாளர் ஒருவரின் பெயர் அது. காரின் உடலுக்கென வந்த கணக்கு, எழுத்துக்கும் காலணிக்கும் பயன்படுகிறது. உங்கள் வீட்டில் வார்ப்புருப் பிரிவில் வேலை செய்யும் அக்காளோ அண்ணனோ இருந்தால், வரைகலை படிக்கும் தம்பி முதலில் அவர்களிடம் போய் அமரட்டும்.

அடுத்து, முகம் காணாத நண்பர்கள். ‘பிளெண்டர்’ என்னும் முப்பரிமாணப் படக் கருவி 2002இல் முடங்கும் நிலையில் இருந்தது. அதனைப் பயன்படுத்தியோர் உலகெங்குமிருந்து ஏழு வாரங்களில் 1,00,000 யூரோ திரட்டி, எல்லோருக்கும் உரிய இலவச மென்பொருளாக விடுவித்தனர். லாத்வியா என்னும் சிறு நாட்டின் ‘ஃப்ளோ’ திரைப்படம் அந்த இலவசக் கருவியால் ஆக்கப்பட்டு, 2025இல் சிறந்த அசைவூட்டப் படத்துக்கான ஆஸ்கர் பரிசு பெற்றது. விலையுள்ள மென்பொருள் இல்லையே என்று ஏங்குவதற்கு இனி இடமில்லை. அக்கருவியைப் பயில்வோர் ஒருவருக்கொருவர் ஐயம் தீர்க்கும் அவைகள் இணையத்தில் உள்ளன. அங்கே ஆறு மாதம் பிறர் வினாக்களைப் படித்து, ஏழாம் மாதம் தமக்குத் தெரிந்த ஒன்றுக்காவது விடை எழுதுமாறு என் மாணவர்களுக்குக் கூறுகிறேன். ஆங்கிலம் தடுக்கிறது என்பர். உண்மைதான். ஆனால் பிழையான ஆங்கிலத்தில் கேட்ட தெளிவான வினாவுக்கு அங்கே விடை கிடைக்கக் கண்டிருக்கிறேன். அழகான ஆங்கிலத்தில் கேட்ட குழம்பிய வினாவுக்குக் கிடைத்ததில்லை.

பெண்பிள்ளைகளுக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். உத்தரப்பிரதேசம் சித்திரகூடத்தில் 2002இல் ‘கபர் லகரியா’ என்னும் சிற்றிதழைப் பெண்கள் தொடங்கினர். தலித் பெண்கள் பலர் அதில் செய்தியாளர். பின்னர் தாளிலிருந்து கைப்பேசிக் காணொளிக்கு மாற வேண்டிய நிலை வந்தது. கைப்பேசியைக் கையில் பிடித்தறியாதவரும் அவர்களுள் இருந்தனர். அறிந்தவர் அறியாதவருக்கு எழுத்து எழுத்தாகக் காட்டிக் கொடுத்தனர். அவர்களைப் பற்றிய ‘ரைட்டிங் வித் ஃபயர்’ ஆவணப்படம் 2022இல் ஆஸ்கர் போட்டிக்குத் தெரிவு செய்யப்பட்டது. நம் வீடுகளிலோ, மகனுக்குத் தனிக் கைப்பேசி உண்டு; மகளுக்கு அம்மாவின் கைப்பேசி இரவு ஒன்பது மணிக்குமேல் அரை மணி நேரம். பெற்றோரே, அவளைக் காக்க எண்ணும் உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த அரை மணியில் எந்தத் தொழிலையும் கற்க இயலாது.

மதுரையைச் சேர்ந்த ஒளிப்படக் கலைஞர் எம். பழனி குமாரின் பணியையும் நீங்கள் காண வேண்டும். மீன் விற்ற தாயின் மகன். துப்புரவுத் தொழிலாளர் வாழ்வைத் தொடர்ந்து படமெடுத்து வருபவர். ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். தாம் கற்றதை உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்குக் கேமரா கொடுத்துக் கற்பிக்கிறார். அவர் படங்கள் ‘பாரி’ என்னும் ஊரக இந்திய மக்கள் ஆவணகத்தின் தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன, தமிழிலும் படிக்கலாம்.

இப்போது ஒரு கடினமான செய்தி. கற்றல் அவைகளில் தன் ஊரையும் சமூகத்தையும் வெளியிடலாமா என்று இளைஞர்கள் தனியே என்னிடம் கேட்கின்றனர். சேரியின் பெயரைச் சொன்னதும் பேச்சின் தொனி மாறிய அனுபவம் அவர்களுக்கு உண்டு, எனக்கும் உண்டு. இதில் ஒரே விதி வகுக்க நான் விரும்பவில்லை. பிளெண்டரில் ஒளி அமைப்பது எப்படி என்று கேட்பதற்குச் சாதிச் சான்றிதழ் வேண்டியதில்லை. புனைபெயரில் கேட்டாலும் விடை அதேதான். ஆனால் படைப்பு என்று வரும்போது, நம் தெருவை மறைத்துக்கொண்டு எடுத்த படம் எதற்கு என்ற வினா எழும். அவ்வினாவுக்கு ஒவ்வொருவரும் தத்தம் துணிவுக்கேற்ப விடை காணட்டும். ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன். கற்றுக் கொடுக்கும் சாக்கில் இழிவுபடுத்தும் ஒருவரை, அவர் எவ்வளவு பெரிய கலைஞராயினும், உடனே விட்டு விலகுங்கள். அவரிடம் கற்க வேண்டியதைக் கற்பிக்க உலகில் இன்னும் நூறு பேர் உளர்.

வாட்ஸப் குழுக்களைப் பற்றியும் சொல்லாமல் விட இயலாது. காலை வணக்கமும் தலைவர் படமும் நாளொன்றுக்கு 200 வந்து குவியும் குழுவைக் கற்றல் உறவு என்று நான் ஒப்பமாட்டேன். பண்டிதரின் இதழ் வாரத்துக்கு நான்கு பக்கமே வந்தது. நான் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். யாரிடம் எதனைக் கற்றேன், யாருக்கு எதனைக் கொடுத்தேன் என்று எழுதி வருகிறேன். கற்ற பக்கம் நிறைந்து கொடுத்த பக்கம் வெறுமையாக இருந்தால், அந்த மாதம் ஒருவருக்கேனும் உட்கார்ந்து ஏதேனும் செய்து கொடுப்பேன். பழைய கடைக்காரர்களின் பற்று வரவுதான் இது. பெரிய தத்துவம் ஒன்றுமில்லை.

நிறைவாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். இச்சங்கத்தின் 25 ஆண்டு நிகழ்ச்சிக் குறிப்பேடுகள், துண்டறிக்கைகள், விழாப் படங்கள் பீரோவில் உள்ளன. நம் ஊர்க் குடும்பங்கள் சிலவற்றில் தங்கவயலிலிருந்து கொண்டுவந்த பழைய புத்தகங்களும் கடிதங்களும் படங்களும் இன்னும் இருக்கக்கூடும். கைப்பேசிக் கேமராவே போதும். பகல் வெளிச்சத்தில், தாளை வெள்ளைத் துணிமேல் வைத்து, நிழல் விழாமல் நேர்மேலிருந்து எடுத்தால் தெளிவான படி கிடைக்கும். படத்தில் உள்ளோர் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைத்தல் அதைவிட முதன்மையானது. ஈழத் தமிழர் 2005 முதல் ‘நூலகம்’ என்னும் இணையத் திட்டத்தின் வழியே தம் நூல்களையும் இதழ்களையும் இவ்வாறே காத்து வருகின்றனர். உரியவர் இசைவு பெற்றவற்றைப் பொதுவில் வைக்கலாம். குடும்பத்தார் வேண்டாம் என்பதைச் சங்கத்தின் பெட்டியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இப்பணியைக் கற்றுக்கொள்ள விரும்பும் இளைஞர்களோடு வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணி முதல் சங்கக் கட்டடத்தில் இருப்பேன். வீட்டில் உள்ள ஒரு பழைய படத்தையோ தாளையோ கொண்டு வாருங்கள். அதனைப் பற்றிச் சொல்லத் தெரிந்த பாட்டியையும் உடன் அழைத்து வந்தால் இன்னும் நன்று.